பம்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி, மீட்டரை எங்க வெச்சீங்கன்னு சொல்லுங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல வெர்ட்டிகல் பம்ப் (மோட்டாரைத் தலையில வெச்சு செங்குத்தா நிக்கிற தண்ணி பம்ப்) வாங்குறவங்க, டெஸ்ட் பண்ணி எடுத்துக்குறவங்க, ராத்திரி பகல் ஓட்டுறவங்க, அதுக்கு டெண்டர் எழுதுறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டருங்க. பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமம். ஓசூர்ல ஒரு வொர்க்‌ஷாப்ல ஹெல்பரா சேர்ந்து, பம்ப் தூக்குறது எறக்குறதுல ஆரம்பிச்சு 26 வருஷம் ஆச்சு, அதுல கடைசி 14 வருஷமா கையில வைப்ரேஷன் மீட்டரோட (அதிர்வை அளக்குற கருவி) தான் சுத்திட்டு இருக்கேன். கம்பெனி கூலிங் வாட்டர் பம்ப், குடிதண்ணி பம்ப், மாங்கூழ் ஃபேக்டரி பம்ப், கிரானைட் பாலிஷ் யூனிட்டுக்குத் தண்ணி ஏத்துற பம்ப்னு ரெண்டு மாவட்டத்துலயும் நான் ஏறி எறங்காத பம்ப் ஹவுஸ் கம்மி. இத்தனை வருஷமா ஒரே தப்பை வேற வேற இடத்துல பாத்துட்டே இருக்கேன், அதைப் பொதுவுல சொல்லிடணும்னு தான் இந்த மடல். யார் பேரையும் எந்த கம்பெனி பேரையும் எழுத மாட்டேன், சம்பந்தப்பட்டவங்களுக்குப் படிச்சாலே தெரியும்.

விஷயம் இது தான். பம்ப் நல்லா ஓடுதா இல்லையான்னு ஒரே ஒரு நம்பரை வெச்சு முடிவு பண்றீங்க. அந்த நம்பர் எந்த எடத்துல எடுத்தது, எந்த பக்கமா எடுத்தது, அப்ப பம்ப் எவ்வளவு தண்ணி தள்ளிட்டு இருந்தது, எந்த சார்ட்டோட ஒப்பிட்டீங்க, இதுல ஒண்ணு கூட ரிப்போர்ட்ல இருக்காது. "வைப்ரேஷன் 9.2, நாட் அக்செப்டட்"னு ஒரு வரி, கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவு தான்.

தரையில படுத்திருக்கிற பம்பும் நின்னுட்டு இருக்கிற பம்பும் ஒண்ணு இல்லீங்க. படுத்திருக்கிற பம்புல மோட்டாரும் பம்பும் ஒரே பெட்ல நாலு மூலையும் போல்ட் போட்டு ஒக்காந்திருக்கும், எங்க வெச்சு அளந்தாலும் பெரும்பாலும் இந்த அளவுக்கு வித்தியாசம் வராது. வி.டி. பம்ப் (வெர்ட்டிகல் டர்பைன், நின்னுட்டு இருக்கிற பம்ப்) அப்படி இல்ல, ஸ்லாப்புக்குக் கீழ காலம் பைப்பும் (தண்ணி ஏறி வர்ற குழாய்) லைன் ஷாஃப்டும் (அதுக்குள்ள சுத்துற தண்டு) பவுலும் (இம்பெல்லர் இருக்கிற கூடு) சம்புக்குள்ள (தண்ணித் தொட்டி) தொங்குது, ஸ்லாப்புக்கு மேல டிஸ்சார்ஜ் ஹெட் (தண்ணி வெளிய போற வார்ப்பு), அதோட தலை மேல மோட்டார், அந்த மோட்டாரே ஒரு டன்னு ஒன்றரை டன்னு இருக்கும். தென்னை மரத்தோட அடியில கை வெச்சா அசைவே தெரியாது, குருத்துகிட்ட நின்னா காத்துக்கு எவ்வளவு ஆடுதுன்னு ஏறினவனுக்குத் தான் தெரியும். அதே கதை தான் இங்கயும், மோட்டார் உச்சியில எடுத்தா ஒரு நம்பர், மோட்டார் ஒக்காந்திருக்கிற ஃபிளேஞ்ச்ல எடுத்தா இன்னொரு நம்பர், பேஸ் பிளேட்ல எடுத்தா மூணாவது நம்பர். மூணும் உண்மை தான். ஆனா பம்பைப் பத்தி சொல்றது எது, மோட்டாரைப் பத்தி சொல்றது எது, அடியில இருக்கிற காங்கிரீட்டைப் பத்தி சொல்றது எதுன்னு பிரிச்சுப் பாக்கணுமே.

ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரில நடந்ததைச் சொல்றேன். 110 கிலோவாட், 1485 ஆர்.பி.எம்., புது பம்ப். கமிஷனிங் (மொத தடவ ஓட்டிப் பாக்குற) அன்னைக்கு மோட்டார் உச்சியில 9.2 மில்லிமீட்டர் பெர் செகண்ட் காட்டுச்சு. பேனல் கதவுல ஒரு சார்ட் ஒட்டி வெச்சிருந்தாங்க, 2.8 வரைக்கும் பச்சை, 4.5 தாண்டினா செவப்பு. அது ரிஜிட் ஃபவுண்டேஷன்ல படுத்திருக்கிற நடுத்தர மிஷினுக்கு ஐ.எஸ்.ஓ. 10816-3-ல (மிஷின் அதிர்வுக்கான சர்வதேச ஸ்டாண்டர்ட்) இருந்து எடுத்த எல்லை. அந்த ஸ்டாண்டர்டோட 1998 பதிப்புல பம்புக்குன்னு தனி குரூப் இருந்தது, ஆனா 2009-ல 10816-7 வந்ததுக்கு அப்புறம் பம்பை அதுல இருந்து எடுத்துட்டாங்க. பம்புக்கு இல்லாத சார்ட்டை பம்ப் பேனல்லயே ஒட்டி வெச்சிருக்காங்க, யாரும் கேக்கல.

சப்ளை பண்ணவங்க பம்பை வெளிய எடுத்தாங்க. எடுக்குறதுன்னா என்னன்னு ஆபீஸ்ல ஒக்காந்து கையெழுத்துப் போடுறவங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன், மோட்டாரை எறக்கணும், டிஸ்சார்ஜ் பைப்பைக் கழட்டணும், செயின் பிளாக் மாட்டி ஒவ்வொரு காலமா மேல இழுத்து, கிளாம்ப் போட்டு நிறுத்தி, போல்ட் கழட்டி, ஷாஃப்ட் கப்ளிங் கழட்டி, ஓரமா வெச்சு, மறுபடி இழுக்கணும், ஈரத்துல கையெல்லாம் கிரீஸும் பாசியுமா வழுக்கும், ஒரு கிளாம்ப் நழுவினா கீழ நிக்கிறவன் உசுரு போயிரும். மூணு நாள் வேலை. இம்பெல்லரை (தண்ணியத் தள்ளுற சக்கரம்) மறுபடி பேலன்ஸ் பண்ணி, ஷாஃப்ட் நேரா இருக்கான்னு டயல் வெச்சுப் பாத்து, ரப்பர் பேரிங் எல்லாம் புதுசு போட்டு எறக்கினாங்க. மறுபடி 9 தான். ரெண்டாவது தடவ தூக்கினாங்க, அப்பவும் 8.8. மூணாவது தடவ மோட்டாரையே மாத்தினாங்க, 9.5 வந்துச்சு. பில்லுல பிடித்தம், சண்டை, லெட்டர் மேல லெட்டர்.

நான் போனப்ப மொதல்ல செஞ்சது ஒண்ணே ஒண்ணு தான், நாலு எடத்துல ரெண்டு ரெண்டு திசையில ரீடிங் எடுத்தேன். உச்சியில, டிஸ்சார்ஜ் பைப்புக்கு குறுக்கா 9.2. அதே உச்சியில, பைப் போற திசையில 3.1. மோட்டார் ஃபிளேஞ்ச்ல குறுக்கா 3.0. ஒரே மோட்டார், ஒரே எடம், தொண்ணூறு டிகிரி திரும்பினா மூணுல ஒரு பங்கு ஆகுதுன்னா அது இம்பெல்லர் கோளாறா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மிங்க. பேலன்ஸ் சரியில்லாத ரோட்டர் சுத்திச் சுத்தி எல்லா பக்கமும் தள்ளும், ஒரு பக்கம் மட்டும் இப்படி துள்ளுதுன்னா அந்தப் பக்கம் ஸ்ட்ரக்சர் இளகி இருக்குன்னு அர்த்தம். டிஸ்சார்ஜ் ஹெட்ல கப்ளிங் போடுறதுக்குன்னு ரெண்டு ஜன்னல் வெட்டி விட்டிருப்பாங்களே, அந்த ஜன்னல் இருக்கிற பக்கம் எப்பவும் பலம் கம்மி.

பம்பை நிறுத்தச் சொன்னேன். மீட்டரை உச்சியில மாட்டிட்டு, ஒரு வேப்பங்கட்டையால குறுக்கா ஒரு தட்டு தட்டினேன். இதுக்குப் பேர் 'bump' டெஸ்ட் (தட்டிப் பாக்குறது, தண்ணி பம்ப் இல்ல), சிலர் இம்பாக்ட் டெஸ்ட்ம்பாங்க. கோயில் மணியை அடிச்சா அது தனக்குன்னு ஒரு ஒலியில தான் அதிரும் இல்லையா, அது மாதிரி நின்னுட்டு இருக்கிற பம்பும் தனக்குன்னு ஒரு வேகத்துல ஆடி அடங்கும். குறுக்கா 26 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 26 ஆட்டம் வந்துச்சு. பைப் திசையில 35. பம்ப் ஓடுற வேகம் 1485-ஐ 60-ஆல வகுத்தா 24.75. அஞ்சு பர்சன்ட் தான் தள்ளி இருக்கு! தூளி ஆட்டுற அம்மாவுக்குத் தெரியும், பலம் வேணாம், நேரம் பாத்து ஒரு விரல்ல இழுத்தா போதும், தூளி எங்கயோ போய்ட்டு வரும். அந்த மாதிரி எந்த பம்புலயும் இருக்கிற ஒரு துளி அன்பேலன்ஸ் இங்க வந்து பத்து மடங்கு பெருசா தெரியுது. இயற்கை அதிர்வெண்ணும் (தட்டினா தானா ஆடுற அந்த வேகம்) ஓடுற வேகமும் கொறஞ்சது 20 பர்சன்ட், முடிஞ்சா 25 பர்சன்ட் தள்ளி நிக்கணும்ங்கிறது இந்த வேலையில எல்லாரும் வெச்சிருக்கிற கணக்கு.

அப்புறம் சுத்தியலை எடுத்து பேஸ் பிளேட்டைச் சுத்தித் தட்டிட்டே வந்தேன். மூணு பக்கம் 'டக் டக்'னு கெட்டியா கேட்டது, ஒரு பக்கம் 'டொங்'னு வெத்துப் பானை மாதிரி. கிரவுட் (பேஸ் பிளேட்டுக்கு அடியில ஊத்தி இறுக வெக்கிற கலவை) உள்ள போகவே இல்ல. மூணு தடவ பம்பைத் தூக்கினவங்க யாரும் பேஸ் பிளேட்டைத் தட்டிப் பாக்கல, ஏன்னா ரிப்போர்ட்ல 'பம்ப் வைப்ரேஷன்'னு தானே எழுதியிருக்கு. ஓட்டை போட்டு எபாக்சி கிரவுட் ஏத்தி, ஜன்னல் ஓரத்துல ரெண்டு ரிப் பிளேட் வெல்டு அடிச்சோம். மறுபடி தட்டினா 33 ஹெர்ட்ஸ். ஓட்டினோம், உச்சியில 2.4. அந்த பம்பு, அந்த இம்பெல்லர், அந்த பேரிங் மொத நாளே நல்லா தாங்க இருந்துச்சு.

இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கிட்டு "உச்சியில எவ்வளவு வந்தாலும் பரவால்ல"ன்னு யாரும் சொல்லிடக் கூடாது. 1485-ல 9.2-ங்கிறது மோட்டார் தலை கிட்டத்தட்ட 170 மைக்ரான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருதுன்னு அர்த்தம், அதை விட்டு வெச்சா மோட்டார் மேல் பேரிங் போயிரும், கேபிள் லக் தளரும், போல்ட் ஒடியும். அதைச் சரி பண்ணியே ஆகணும். நோய் எங்கயோ இருக்க ஆபரேஷன் வேற எங்கயோ பண்றோம்ங்கிறது தான் என் வருத்தம்.

சரி, எந்த சார்ட் தான் பாக்குறதுன்னு கேப்பீங்க. தண்ணி பம்புக்கு ஐ.எஸ்.ஓ. 10816-7 தான் சரி. அதுல பம்பை ரெண்டா பிரிக்கிறாங்க, நின்னா பெரிய பாதிப்பு, நம்பகம் ரொம்ப முக்கியம்னா முதல் வகை, மத்தபடி பொது உபயோகம்னா ரெண்டாவது வகை. அதுக்குள்ளயும் 200 கிலோவாட்டுக்கு மேல, கீழன்னு பிரிவு. முதல் வகையில 200 கிலோவாட் வரைக்கும் இருந்தா 2.5 வரைக்கும் புது பம்ப் இருக்க வேண்டிய நிலை, 4.0 வரைக்கும் தடையில்லாம ஓட்டலாம், 4.0-ல இருந்து 6.6 வரைக்கும் ரிப்பேருக்கு நாள் குறிச்சிட்டு கொஞ்ச காலம் ஓட்டலாம், அதுக்கு மேல ஆபத்து. 200-க்கு மேல போனா அதே எல்லைங்க 3.5, 5.0, 7.6. ரெண்டாவது வகையில கொஞ்சம் தாராளம், சின்ன பம்புக்கு 3.2, 5.1, 8.5, பெரிய பம்புக்கு 4.2, 6.1, 9.5. எல்லாமே ஆர்.எம்.எஸ். (ஒரு வகை சராசரி அளவு), மில்லிமீட்டர் பெர் செகண்ட். ரீஃபைனரி, கெமிக்கல் வேலைக்கு ஏ.பி.ஐ. 610-ங்கிற பம்ப் ஸ்டாண்டர்டைக் கேப்பாங்க, அதுலயே பாருங்க, படுத்திருக்கிற பம்புக்கு 3.0-ன்னு வெச்சிட்டு, தொங்குற பம்புக்கு மட்டும் 5.0-ன்னு தனியா கொடுத்திருக்காங்க, அதையும் த்ரஸ்ட் பேரிங் (செங்குத்தா வர்ற பாரத்தைத் தாங்குற பேரிங்) ஹவுசிங்ல இல்லன்னா மோட்டார் மவுன்டிங் ஃபிளேஞ்ச்ல எடுக்கணும்னு எடத்தோட சொல்றாங்க. உலகம் பூரா பம்ப் பண்றவங்க இந்த வித்தியாசத்தை ஒத்துக்கிட்டு எழுதி வெச்சது, நம்ம பேனல் கதவு வரைக்கும் வரல.

குடிதண்ணி பம்பை நான் எப்பவும் முதல் வகையில தான் வெப்பேன். அதுல விவாதமே கிடையாது எனக்கு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

மீட்டர் பிடிக்கிறதுலயே நடக்குற தப்பு சிலது. மோட்டார் உச்சின்னா ஃபேன் கவர் மேல மேக்னட்டை ஒட்டி ரீடிங் எடுக்குறாங்க, அது தகரம்ங்க, அது தானா அதிரும், அதுல வர்ற நம்பர் தகரத்தோட நம்பர். கவருக்குக் கீழ பேரிங் ஹவுசிங் வார்ப்பு எங்க இருக்கோ அங்க, பெயின்ட்டைச் சொரண்டிட்டு வெக்கணும். அடுத்தது, மீட்டர் பீக்ல (உச்ச அளவுல) செட் ஆகி இருக்கும், லிமிட் ஆர்.எம்.எஸ்.ல இருக்கும், 6.4-ன்னு காட்டினதும் அலறிடுவாங்க, அது ஆர்.எம்.எஸ்.ல 4.5 தான். இதே மாதிரி ஒரு சண்டைய கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரில, சீசன் உச்சத்துல, வாசல்ல லாரி லாரியா தோத்தாபுரி காய் காத்துட்டு நிக்கிறப்ப தீத்து வெச்சேன், மீட்டர்ல ஒரே ஒரு பட்டனை அமுக்கி. 600 ஆர்.பி.எம்.க்குக் கீழ ஓடுற பெரிய பம்புன்னா 10 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்கிற செட்டிங் போதாது, 2 ஹெர்ட்ஸ்ல இருந்து அளக்கணும், மைக்ரானும் சேத்துப் பாக்கணும்.

பம்ப் என்ன நிலையில ஓடுதுங்கிறதும் அவ்வளவே முக்கியம். டிசைன் ஃப்ளோவுல 70-ல இருந்து 120 பர்சன்ட் வரைக்கும் தான் பொதுவா பம்புக்கு வசதியான எல்லை. வால்வைப் பாதி மூடி வெச்சிட்டு ரீடிங் எடுத்தா எந்த பம்பும் அதிரும். மூணு பம்ப் சேந்து ஓட வேண்டிய எடத்துல கமிஷனிங் அன்னைக்கு ஒண்ணை மட்டும் ஓட்டினா ஹெட் (எதிர் அழுத்தம்) இல்லாம எக்கச்சக்கமா தள்ளும், அப்பவும் அதிரும். பங்குனி சித்திரையில சம்ப்ல தண்ணி எறங்கி, பெல் வாய்க்கு (பம்ப் அடியில தண்ணி உறிஞ்சுற வாய்) மேல போதுமான ஆழம் இல்லாம சுழி விழுந்து காத்தை உறிஞ்சும், சரளைக்கல்லு கொட்டுற மாதிரி சத்தம் வரும், அதையும் பம்ப் கோளாறுன்னு எழுதிட்டா பம்ப் என்ன பண்ணும்? சம்ப் லெவல் எவ்வளவுன்னு ரீடிங் பக்கத்துலயே எழுதுங்க. கரன்ட் பில்லு மிச்சம்னு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் கொறைக்கிற டிரைவ்) மாட்டுறப்ப இன்னொன்னு, அது வரைக்கும் ஒரே வேகத்துல ஓடி தப்பிச்சிட்டு இருந்த பம்ப், இப்ப எல்லா வேகத்துலயும் போகும், நடுவுல எங்கயோ அதோட சொந்த அதிர்வெண் ஒக்காந்திருக்கும். 1485-ல இருந்து கீழ வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு ஒவ்வொரு வேகத்துலயும் அளந்து, துள்ளுற வேகத்தை டிரைவ்ல ஸ்கிப் பண்ணி வெக்கணும். அரை நாள் வேலை.

இது வரைக்கும் சொன்னது நம்பர் ஜாஸ்தியா காட்டி நல்ல பம்பைக் கழட்டின கதை. இதுக்கு எதிர்ப்பக்கம் தான் எனக்கு இன்னும் வலிக்குது.

ஒரு குடிதண்ணி பம்ப், 90 கிலோவாட், பேரு வேணாம், ஊரும் வேணாம். அது நின்னப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. லாக் புக்கைப் பொரட்டினேன். அந்த ஆபரேட்டர் அண்ணன் எழுத்து மணி மணியா இருக்கும், மாசா மாசம் மோட்டார் ஃபிளேஞ்ச்ல எடுத்த ரீடிங்கை செவப்பு மையில எழுதி வெச்சிருக்காரு. ஜனவரியில 1.1. மார்ச்ல 1.3. ஜூன்ல 1.7. ஆகஸ்ட்ல 2.1. அக்டோபர்ல 2.5. பிரஷர் 9.2-ல இருந்து 8.6-க்கு எறங்கியிருக்கு, ஆம்பியர் 142-ல இருந்து 151-க்கு ஏறியிருக்கு. ஒவ்வொரு மாசமும் பக்கத்துல மேலதிகாரி "நார்மல்"னு எழுதி கையெழுத்து. ஏன்னா எந்த மாசமும் லிமிட்டைத் தாண்டலையே.

அந்த அண்ணன் ஆகஸ்ட்லயே சொல்லிட்டாராம், "சார், அடியில ஏதோ ஒரசுற மாதிரி இருக்கு, ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக் காதுல கேட்டேன்"னு. மீட்டர் நல்லா தானே காட்டுதுன்னு பதில்.

பவுல் ஸ்லாப்புக்குக் கீழ பல அடி ஆழத்துல தண்ணிக்குள்ள இருக்குதுங்க. அங்க பேரிங் தேஞ்சு ஷாஃப்ட் ஆடுறது, நடுவுல இவ்வளவு காலம் பைப்பையும் தண்ணியையும் ஸ்லாப்பையும் தாண்டி மேல வர்றப்ப கொஞ்சமா தான் தெரியும். மேல 2.5 தானேன்னு நெனைக்கிறோம், கீழ என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும். அதனால தான் அந்த ஸ்டாண்டர்ட்லயே எல்லையோட நிறுத்திக்காம மாற்றத்தையும் பாருன்னு சொல்லியிருக்காங்க, தடையில்லாம ஓட்டலாம்ங்கிற மேல் எல்லையில கால் பங்குக்கு மேல ரீடிங் மாறிட்டா, நம்பர் சின்னதா இருந்தாலும் காரணத்தைத் தேடணும். முதல் வகை சின்ன பம்புக்கு மேல் எல்லை 4.0, அதுல கால் பங்கு 1.0. ஜனவரி 1.1-னா 2.1 வந்த அன்னைக்கே அலாரம் அடிச்சிருக்கணும். ஆகஸ்ட். அண்ணன் காதுல கேட்ட அதே மாசம்.

நவம்பர்ல ஷாஃப்ட் முறிஞ்சுது. வெளிய எடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். பவுல்ல இருந்த புஷ் ஒரு பக்கமா தேஞ்சு காகிதம் மாதிரி ஆயிருந்தது, இம்பெல்லர் ஓரம் ஒரசி ஒரசி வெள்ளிக் காசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஸ்பேர் ஷாஃப்ட் இல்ல. பதினோரு நாள் தண்ணி வரல.

பதினோரு நாள்ங்கிறது வேற ஊருல சிரமம், நம்ம ஊருல அது வேற. என் பல்லைப் பாத்தவங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல என் வயசு ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு பல்லுல பழுப்புக் கோடு, எங்க பெரியம்மா அம்பது வயசுலயே இடுப்பு நிமிராம சுவத்தைப் பிடிச்சிட்டுத் தான் நடந்தாங்க. போர் தண்ணி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடுக்கு மேல போகக் கூடாதுன்னு குடிதண்ணி தரம் சொல்லுது, இந்தப் பாறைக்காட்டுல எத்தனையோ போர்ல அதைத் தாண்டி தான் வருது. அதுக்காகத் தானே 2008-ல அடிக்கல் நாட்டி, ஒகேனக்கல்ல இருந்து காவிரித் தண்ணிய ரெண்டு மாவட்டத்துக்கும் ஏத்திக் கொண்டு வந்தாங்க, 2013-ல தண்ணி வந்தப்ப எங்க அம்மா மொத குடத்தை சாமி படத்துகிட்ட வெச்சிட்டுத் தான் எங்களுக்குக் கொடுத்தாங்க. எங்க பசங்களுக்குப் பல்லு வெள்ளையா இருக்கு. எங்கயோ ஒரு குடிதண்ணி பம்ப் நின்னா, அன்னைக்கு சாயங்காலமே ஜனங்க குடத்தைத் தூக்கிட்டு மறுபடி அந்த போருக்குத் தான் போறாங்க, அவங்களுக்கு வேற வழி கிடையாது. இதனால தான் குடிதண்ணி பம்பை முதல் வகைன்னு சொன்னேன்.

இப்ப என் வேண்டுகோள். டெண்டர் எழுதுறவங்க "வைப்ரேஷன் ஐ.எஸ்.ஓ. படி இருக்க வேண்டும்"னு ஒரு வரியோட விடாதீங்க. எந்த ஸ்டாண்டர்ட், எந்த வகை, எந்தெந்த எடம்னு எழுதுங்க. மோட்டார் மேல் பேரிங், மோட்டார் ஃபிளேஞ்ச், டிஸ்சார்ஜ் ஹெட் அடி, ஒவ்வொண்ணுலயும் பைப் திசையிலயும் குறுக்காவும், த்ரஸ்ட் பேரிங்ல மட்டும் செங்குத்தாவும் ஒண்ணு. எவ்வளவு ஃப்ளோவுல, எவ்வளவு சம்ப் லெவல்லன்னு எழுதுங்க. கிரவுட் இறுகி, பைப் எல்லாம் மாட்டினதுக்கு அப்புறம் சைட்லயே தட்டிப் பாத்து ரிப்போர்ட் கொடுக்கணும்னு ஒரு வரி சேருங்க, மோட்டார் கம்பெனி கொடுக்குற ரீட் ஃப்ரீக்வென்சி (மோட்டாரோட சொந்த அதிர்வெண்) கெட்டியான தரையில நேரா வெச்சா வர்றது, அதே மோட்டாரை ஜன்னல் வெட்டின டிஸ்சார்ஜ் ஹெட் மேல வெச்சா அது கணிசமா எறங்கிடும், அதனால பேப்பர்ல இருக்கிறதை நம்பி விட்டுடாதீங்க. சிவில் கான்ட்ராக்டும் மெக்கானிக்கல் கான்ட்ராக்டும் தனித்தனியா விடுறீங்க, சரி, ஆனா கிரவுட் யார் பொறுப்புன்னு ரெண்டுலயும் இருக்காது, அந்த 'டொங்' சத்தம் அங்க தான் பொறக்குது.

டெஸ்ட் பண்ணி எடுத்துக்குறவங்க, மொத நாள் ரீடிங்கை லாக் புக்கோட மொத பக்கத்துல ஒட்டுங்க. அது தான் அந்த பம்போட ஜாதகம். பத்து வருஷம் கழிச்சு எவனாவது வந்து பாத்தாலும் பொறந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். மாச ரீடிங் பக்கத்துலயே ஆம்பியர், பிரஷர், சம்ப் லெவல் நாலும் ஒரே வரியில இருக்கட்டும். "நார்மல்"னு எழுதுறதுக்கு முன்னாடி மொத பக்கத்தைத் திருப்பிப் பாருங்க.

சப்ளை பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. உச்சியில நம்பர் ஜாஸ்தியா வந்தா "பம்ப் நல்லா இருக்கு, அது உங்க சிவில் பிரச்சினை"ன்னு சொல்லிட்டு மூட்டை கட்டாதீங்க. டிஸ்சார்ஜ் ஹெட் டிசைன் உங்களோடது தானே, ஜன்னல் வெட்டினது நீங்க தானே. மோட்டார் வெயிட்டும் ஹெட் டிராயிங்கும் வெச்சு முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தா ரெண்டு ரிப் பிளேட் ஃபேக்டரிலயே சேத்திருக்கலாம், அதுக்கு என்ன பெருசா செலவு ஆகிடப் போகுது, ஒரு தடவ பம்பைத் தூக்குற கிரேன் வாடகைக்கு முன்னாடி.

ஆபரேட்டருங்களே, உங்ககிட்ட தான் கடைசியா வரேன். நீங்க ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக் கேக்குறதும், மோட்டார் மேல ஒத்தை ரூபாயை நிறுத்திப் பாக்குறதும், காலுக்கடியில ஸ்லாப் அதிர்றதை செருப்பைக் கழட்டிட்டு நின்னு பாக்குறதும் வேலைக்கு ஆகாத விஷயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாயால சொன்னா காத்துல போயிரும், அதனால எழுதுங்க, தேதி போட்டு, நேரம் போட்டு, "அடியில ஒரசுற சத்தம்"னு உங்க வார்த்தையிலயே. அந்த அண்ணன் ரீடிங்கை எழுதினாரு, சத்தத்தை எழுதல, வாயால சொன்னதோட விட்டுட்டாரு. அவரு இப்பவும் அதை நெனச்சு வருத்தப்படுறாரு, அவர் மேல ஒரு தப்பும் இல்லன்னு நான் எத்தனை தடவ சொன்னாலும்.

இந்த ரெண்டு மாவட்டத்துல குடிதண்ணி பம்ப் ஹவுஸ் எதுவா இருந்தாலும், கூப்பிட்டா ஞாயித்துக்கிழமை நானே மீட்டரோட வரேன், காசு வேணாம், மூணு எடத்துல எப்படி அளக்குறதுன்னு உங்க பசங்களுக்குக் காட்டிட்டுப் போறேன். லாக் புக், டிஸ்சார்ஜ் ஹெட் டிராயிங் ரெண்டும் எடுத்து வெச்சிருங்க, தட்டிப் பாக்குறதுக்காக பம்பை அரை மணி நேரம் நிறுத்த மட்டும் முன்னாடியே பர்மிஷன் வாங்கிடுங்க.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பக்கத்து ஃபிட்டர் ஒருத்தன்